டயரின் எடை

சமவெளியில் வாழ்வோர்க்கு எடை என்பது பெரும்பாலும் கடைத்தெருவோடு முடிந்துவிடும் செய்தி. அரிசி இத்தனை கிலோ, வெங்காயம் இத்தனை கிலோ என்று வாங்கிப் பையில் இட்டுக்கொண்டபின் அதைப்பற்றி நினைக்க வேண்டுவதில்லை. மலைநாட்டில் அவ்வாறன்று. இங்கே எடையைக் காட்டுவது தராசு. அதை உணர்வது முழங்கால். உதகமண்டலத்தின் ஒரு பகுதியாகிய காந்தலில் குடியிருப்போரைக் கேட்டுப் பாருங்கள். முக்கோணத்தில் வாங்கிய ஐந்து கிலோ அரிசி, மேட்டுத் தெருவில் இருக்கும் வீட்டுப் படியை அடையும்போது பத்துக் கிலோ ஆகிவிடுகிறது என்பார்கள். கணக்குக்குப் பொருந்தாத பேச்சுத்தான். ஆயினும் மூச்சு வாங்க ஏறி வந்தவர் சொல்லும்போது மறுக்க மனம் வருவதில்லை.

காந்தல் சரிவுகளில் அடுக்கடுக்காக எழுந்த ஊர். காசி விசுவநாதர் கோயில் மணியோசையும் குருசடித் திருத்தலத்தின் மணியோசையும் ஒரே மூடுபனியில் கலந்து ஒலிக்கும். கேரட்டு மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் சுமந்து பழகிய தோள்கள் இங்கே மிகுதி. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளி வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. நானும் இளமையில் சில ஆண்டுகள் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவன். அந்த வேலை எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பெண்கள் கொழுந்துப் பையைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். முள் காட்டும் எண் கொழுந்தின் எடையன்று. அது கொழுந்தும் பையும் சேர்ந்த எடை. மழைநாளாயின் இலையில் ஒட்டிய நீரும் அதில் அடங்கும். பைக்கு எவ்வளவு, நீருக்கு எவ்வளவு என்று கழித்தபின் எஞ்சுவதுதான் கூலிக்குரிய எடை. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் நாள்தோறும் வாதம் நடக்கும். எழுத்தறியாத மூதாட்டியும், ‘என் பை நேற்றும் இவ்வளவு கனக்கவில்லையே’ என்று கணக்குப் புத்தகத்தை மடக்கிவிடுவார். ஓர் எண்ணைக் கண்டால், ‘இஃது எதனுடைய எடை?’ என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அவர்களிடம் கற்றேன்.

அந்தப் பாடம் பல்லாண்டுகளுக்குப் பிறகு ஒரு மிதிவண்டி டயருக்காகப் பயன்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீலகிரியில் மிதிவண்டி ஓட்டுவோர் சமவெளியைப் போல் அவ்வளவு மிகுதியாக இல்லை. காரணம் வெளிப்படை. ஏறும்போது நாம் வண்டியைத் தள்ளுகிறோம். இறங்கும்போது வண்டி நம்மைத் தள்ளுகிறது. இருந்தும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன்மேல் உள்ள ஆசை குறைவதில்லை. என் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவன் தந்தை சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குபவர். மூன்று பேர் கைமாறி வந்த ஒரு மிதிவண்டி அவனுக்குக் கிடைத்திருந்தது. அதில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்வான். சென்ற ஆனி மாதத்துத் தூறலில், வீட்டுக்கு இறங்கும் வளைவொன்றில் பின்சக்கரம் வழுக்கி அவன் விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்தது; நல்லவேளையாக எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ‘இன்னொரு முறை விழுந்தாயானால் இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்’ என்று அவன் தாய் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளையின் மனத்திலோ வேறொரு கவலை இருந்தது. அவனோடு படிக்கும் மாணவன் ஒருவன் புதிய வண்டியில் மேட்டுப் பாதையில் அவனை முந்திச் செல்கிறான். அந்த வண்டியின் டயர் மெலிது, இலேசு. தானும் இலேசான டயர் மாட்டிவிட்டால் முந்தலாம் என்பது அவன் எண்ணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தான். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒருநாள் மாலை என்னிடம் வந்தான்.

“மாமா, நீங்கள் எடை போடும் வேலையில் இருந்தீர்களாமே. இந்த டயரின் எடை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்குப் பிடிபடவில்லை” என்றான்.

கைப்பேசியில் இணையக் கடை ஒன்றின் பக்கம் விரிந்திருந்தது. டயரின் படம், விலை, நட்சத்திரங்கள், ‘மூன்று நாளில் வந்து சேரும்’ என்னும் உறுதிமொழி எல்லாம் இருந்தன. கீழே சென்று தேடினால் ‘பொருளின் எடை: 1 கிலோ’ என்று ஒரு வரி. ‘இதோ இருக்கிறதே’ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அதே டயரை வேறொரு விற்பனையாளர் பெயரில் காட்டினான். அங்கே 500 கிராம். மூன்றாவது பக்கத்தில் 2 கிலோ 200 கிராம். படம் ஒன்று, பெயர் ஒன்று, அளவு ஒன்று; எடை மட்டும் மூன்று! நான்காவது பக்கம் இன்னும் வேடிக்கை. ‘நிகர அளவு: 1 எண்’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தார்கள்.

கொழுந்துப் பை என் நினைவுக்கு வந்தது. இவை ஒவ்வொன்றும் எதனுடைய எடை என்று கேட்கத் தொடங்கினோம்.

2 கிலோ 200 கிராம் என்ற பக்கத்தை ஊன்றிப் பார்த்தபோது, அது இரண்டு டயரும் இரண்டு டியூபும் சேர்ந்த கட்டு என்பது விளங்கியது. படத்தில் ஒரே டயர்தான் இருந்தது. ‘இணை’ என்னும் சொல் விளக்கத்தின் ஓரத்தில் ஒளிந்திருந்தது. 1 கிலோ என்றிருந்தது பெரும்பாலும் பொட்டலத்தின் எடையாகவே இருக்க வேண்டும். விற்பவர் தம் பொருளைக் கடையில் பதியும்போது, அதை அனுப்புவதற்கு எவ்வளவு கூலி ஆகும் என்று கணக்கிட ஓர் எடையைக் குறிக்கிறார். முழு எண்ணாகக் குறித்துவிட்டால் வேலை எளிது. அந்த எண்ணே சில வேளைகளில் பொருளின் எடையாகப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. 500 கிராம் என்பதும் அப்படிப்பட்ட ஒரு முழு எண்தான். உண்மையாக நிறுத்துப் பார்த்தவர் எழுதும் எண் இவ்வளவு வழுவழுப்பாக இராது. 685 என்றோ 710 என்றோ அதற்கு ஒரு மூலைமுடுக்கு இருக்கும்.

இங்கே இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் பல, எடையை மட்டும் பார்த்துக் கூலி வாங்குவதில்லை. பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது ஒரு வழக்கம். 26 அங்குல டயரை மடிக்காமல் பெட்டியில் வைத்தால், பெட்டி ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். பெருக்கி வகுத்துப் பாருங்கள். 4 கிலோ 350 கிராமுக்குச் சற்று மேலே வரும். முக்கால் கிலோ கனமும் இல்லாத டயர், கூலிக் கணக்கில் நாலேகால் கிலோவைத் தாண்டிவிடுகிறது! இதனால்தான் கடைக்காரர்கள் கம்பி டயரையும் மூன்று வளையமாக முறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த முறுக்கைப் பிரிக்கும்போது அது துள்ளி விரிவதைப் பார்ப்பதே ஒரு தனி மகிழ்ச்சி.

அப்படியானால் ‘1 எண்’ என்று எழுதியவர் சட்டத்தை மீறினாரா என்று பிள்ளை கேட்டான். இல்லை. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் நடைமுறையில் உள்ளன. தயாரித்தவர் யார், விலை என்ன, நிகர அளவு எவ்வளவு என்பன போன்ற செய்திகளைப் பொட்டலத்தின்மேல் குறிக்க வேண்டும் என்பது விதி. 2018 சனவரி முதல் இணையக் கடைகளின் பக்கங்களிலும் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. ஆனால் நிகர அளவு என்பது எடையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எடையிட்டு விற்கும் பொருளுக்கு எடை. நீட்டி அளக்கும் பொருளுக்கு நீளம். எண்ணி விற்கும் பொருளுக்கு எண்ணிக்கை. சர்க்கரையை ‘ஒரு பொட்டலம்’ என்று மட்டும் சொல்லி விற்க முடியாது. டயரையோ ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் விற்கிறார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு ‘ஒன்று’ என்பது போதுமான விடை. மேடு ஏறுகிற பிள்ளைக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

எடையைத் தேடுமுன் நாம் தேடுவது எந்த டயர் என்பது உறுதியாக வேண்டும் அன்றோ? அவனுடைய பழைய டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தோம். ‘26 × 1.95’ என்று ஓரிடத்திலும், ‘50-559’ என்று வேறோரிடத்திலும் பொறித்திருந்தது. மிதிவண்டி வைத்திருக்கும் மாணவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 50 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 559 என்பது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில்தான். அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் இடறி விழ இடமுண்டு. 26 × 1.95 என்று புள்ளியிட்டு எழுதினால் விட்டம் 559. 26 × 1⅜ என்று பின்னமாக எழுதினால் விட்டம் 590. இரண்டும் 26 தான். ஆனால் ஒன்றன் டயர் மற்றொன்றன் ரிம்மில் ஏறாது. நம் பாட்டன்மார் ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய மிதிவண்டிகளின் டயரில் 28 × 1½ என்றும், 635 என்றும் காணலாம். பால் கேனையும் விறகுக் கட்டையும் ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. அவற்றின் டயரை இலேசாகச் செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அளவு தெரிந்தபின் தேடுவது எளிதாயிற்று. விற்பவரின் பக்கத்தை விட்டுவிட்டு, தயாரித்தவரின் பட்டியலுக்குப் போனோம். டயர் செய்யும் நிறுவனங்களிற் சில, தம் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் அளவு, காற்றழுத்தம், இழை, ஓரத்தின் வகை, எடை ஆகியவற்றை ஒரே வரியில் அச்சிடுகின்றன. பெயர் ஒன்றாயினும் அளவு மாறினால் எடை மாறும். அளவு ஒன்றாயினும் ஓரம் மாறினால் எடை மாறும். ஆகையால் வரியை விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரையில் படிக்க வேண்டும். மேல் வரியின் எடையைக் கீழ் வரியின் டயருக்கு எடுத்துக்கொள்வது எளிதில் நேரக்கூடியது.

ஓரத்தின் வகை என்றேனே, அது என்ன? டயரின் இரண்டு ஓரங்களும் ரிம்மைக் கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று அடித்தாலும் விரியக் கூடாது. அதற்காக ஓரத்தின் உள்ளே எஃகுக் கம்பி வளையம் வைத்துச் செய்வது பழைய முறை. இன்றும் பெரும்பாலான டயர்கள் அவ்வாறே. மற்றொரு வகையில் கம்பிக்கு மாற்றாக வலிய செயற்கை இழையை வைக்கிறார்கள். கெவ்லார் என்னும் அவ்விழைக்கு வழி வகுத்தவர் ஸ்டெபனி குவோலெக் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர். அவர் 1965-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டறிந்தார். எடைக்கு எடை எஃகைவிட வலிமையுள்ள அந்த இழை, குண்டு துளைக்காத சட்டைக்கும் போகிறது; டயரின் ஓரத்துக்கும் வருகிறது. கம்பி இல்லாத டயரைத் துணிபோல் மடித்துச் சிறு பெட்டியில் அடைக்கலாம். அதனால் அதை மடிப்பு டயர் என்கிறார்கள். கம்பி டயரைவிட அஃது ஐம்பது கிராம் முதல் நூறு கிராம் வரை இலேசாக இருப்பது வழக்கம். விலையோ, நாங்கள் பார்த்தவற்றில், ஏறத்தாழ மும்மடங்கு.

பட்டியலில் கண்ட எண்களைக் கையால் உணர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவனுடைய பின்சக்கரத்து டயரைக் கழற்றித் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் தராசில் ஒரு செய்தித்தாளை விரித்து அதை வைத்தார். தாளின் எடையை முதலிலேயே கழித்துவிட்டார். நல்ல மனிதர். 590 கிராம் என்று காட்டியது. எங்கள் பாட்டி காலத்தில் பலமும் வீசையும் வழங்கின. நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு வீசை ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வகைப் புது டயர் அரை வீசை தேறும். இதுவோ அதற்கும் குறைவு.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. “மாமா, நாம் பார்த்த கம்பி டயர்கள் எல்லாவற்றையும்விட இதுதான் இலேசு! என்னிடமே இருந்திருக்கிறது!” என்றான்.

டயரைத் திருப்பிக் காட்டினேன். தரையைத் தொடும் பகுதியில் மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய ரப்பர் வழுக்கைத் தலையாக மின்னியது. ஓரிடத்தில் உள்ளிருக்கும் துணியிழையே வெளியில் தெரிந்தது. குறைந்த நூறு கிராமும் காந்தல் சாலையில் தேய்ந்து போனவை. தேயத் தேய டயர் இலேசாகிக்கொண்டே வருகிறது. வெடிக்கும் நாளில் அது மிக மிக இலேசாக இருக்கும்! ஆனி மாதத்து வளைவில் பின்சக்கரம் ஏன் வழுக்கியது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் இழை தெரிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

ஆயினும் எடையின் ஆசை அவனை விட்டு முற்றும் நீங்கவில்லை. மடிப்பு டயர் இரண்டு வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும், அதனால் மேடு ஏறுவது எவ்வளவு எளிதாகும் என்று கேட்டான். நல்ல கேள்வி. ‘நிறைய’ என்றோ ‘ஒன்றுமில்லை’ என்றோ சொல்லி அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது; கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பெரிய வேறுபாடாக எடுத்துக்கொண்டோம். ஒரு டயருக்கு 200 கிராம் வீதம் இரண்டுக்கும் 400 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் மேடும் பெரிதாகவே இருக்கட்டும். மலை இரயில் ஏறும் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில். இடையே 1,877 மீட்டர்.

பொருளின் நிறை, புவியீர்ப்பு, உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். பிள்ளையின் எடை 48 கிலோ, வண்டி 16 கிலோ, புத்தகப் பை 6 கிலோ. ஆக 70 கிலோ. இதை அவ்வளவு உயரம் ஏற்ற ஏறத்தாழ 12,87,600 ஜூல் வேண்டும். 400 கிராமுக்கு மட்டும் 7,360 ஜூல். மனிதன் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் நாலில் ஒரு பங்குதான் மிதிக்கட்டையில் வேலையாக மாறுகிறது. அப்படிப் பார்த்தாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையில் அந்த 400 கிராமைச் சுமந்து வர, அரைத் தேக்கரண்டிச் சர்க்கரைகூடத் தேவையில்லை. நான்கு மணி நேரத்தில் ஏறுகிறவர்க்கு இதனால் மிச்சமாவது ஒன்றரை நிமிடத்திலும் குறைவு.

“ஆனால் டயர் சுழல்கிறதே, மாமா. சுழலும் எடை இருமடங்கு என்று எல்லாரும் சொல்கிறார்களே?” என்று மடக்கினான். அது வெறும் கதையன்று. பாதி உண்மை உண்டு. சக்கரத்தின் விளிம்பில் உள்ள பொருள் வண்டியோடு முன்னே செல்கிறது. அதே வேகத்தில் அச்சைச் சுற்றியும் வருகிறது. ஆகவே நின்ற வண்டியைக் கிளப்பி வேகம் கூட்டும்போது, விளிம்பின் ஒரு கிராம் இரண்டு கிராம்போல் நடந்துகொள்ளும். கிளம்பிவிட்டபின், ஒரே சீரான வேகத்தில் மேடு ஏறும்போது இரட்டிப்பு எதுவும் இல்லை. கிராம் கிராமாகவே இருக்கும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, அந்த 400 கிராம் கேட்கும் ஆற்றல், இரட்டிப்பையும் சேர்த்து, 7 ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் தூக்குவதற்கு ஆகும் உழைப்பு அவ்வளவே.

அப்படியானால் அந்தப் புது வண்டிக்காரன் எப்படி முந்துகிறான்? இதற்கு விடை டயரின் வரலாற்றிலேயே இருக்கிறது. காற்றடைத்த டயருக்கு 1845-லேயே இராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார், அது நிலைக்கவில்லை. பின்னர் 1887-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். மரத்தட்டு ஒன்றின் விளிம்பில் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அதையும் பழைய கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் நடுவழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து கோடி வரையில் ஓடியது. 1889-இல் வில்லி ஹியூம் என்பவர் அத்தகைய டயர் மாட்டிய வண்டியில் பந்தயங்களை வென்றார். டன்லப் அறிய விரும்பியது எது எவ்வளவு தூரம் உருள்கிறது என்பதையே. கல்லிலும் குழியிலும் டயர் நசுங்கி நிமிரும்போது வீணாகும் ஆற்றல் குறைந்தால் வண்டி தானே ஓடும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி நசுங்குகிறது. பிள்ளையின் வண்டியில் காற்று எப்போது அடித்தாய் என்று கேட்டேன். யோசித்தான். பள்ளி திறந்த அன்று என்று நினைவு என்றான்.

ஏற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ என்னும் மிதிவண்டிப் பயணத்தில் பலரும் அஞ்சுவதும் விரும்புவதும் அந்தப் பாதையில் ஏறுவதைத்தான். அவர்கள் தேர்ந்த வீரர்கள். கிராம் கிராமாக எடை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒன்றரை நிமிடம் பெரிது. ஆனால் ஏறிய உயரத்தையெல்லாம் இறங்கும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 70 கிலோ சுமை ஆயிரம் மீட்டர் இறங்கினால் 6,86,000 ஜூல் எங்கேனும் போயாக வேண்டும். இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது! காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியைப் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காயின் ரிம் சுடும்; ரிம்மோடு ஒட்டியிருக்கும் டயரும் டியூபும் சுடும். அந்த வேளையில் தேய்ந்து இழை தெரிந்த டயரை நம்பி யார் இறங்குவார்? காந்தல் இறக்கம் கல்லட்டியைப்போல் நீண்டதன்று. ஆனால் மழைக்காலத்தில் பாசியும் மண்ணும் படிந்த ஈரச் சாலை இங்கேயும் உண்டு. திருப்பத்தில் எதிரே வேன் வருவதும் உண்டு.

அவன் மூன்று நாள் யோசித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை; பணம் அவனுடையது. நான்காம் நாள் வந்து, கம்பி டயரே இரண்டு வாங்கப் போவதாகச் சொன்னான். ஆழ்ந்த பள்ளங்கள் உள்ள வகை. பட்டியலில் எடை 700 கிராம். மீந்த பணத்தில் புதிய பிரேக் கட்டைகளும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வாங்கினான்.

டயர்கள் மூன்று வளையமாக முறுக்கிக் கட்டியபடி வந்து சேர்ந்தன. பிரித்ததும் ஒன்று துள்ளி வாசலில் இருந்த ரோசாத் தொட்டியைத் தள்ளிவிட்டது. அன்று மாலையே மளிகைக் கடைக்கு ஓடினோம். ஒன்று 715 கிராம், மற்றொன்று 690. ஒரே அச்சில் வந்த இரண்டு டயர்களும் கிராம் மாறாமல் இருப்பதில்லை. ரப்பரும் இழையும் சேர்ந்து வெந்து உருவாகும் பொருளில் சிறிது கூடுதல் குறைவு இயல்பே. கனமானதைப் பின்சக்கரத்துக்கு மாட்டச் சொன்னான் மிதிவண்டி பழுதுபார்ப்பவர். ஏன் என்று கேட்டால், ‘அங்கேதான் சீக்கிரம் தேயும்’ என்று அவன் விடை சொன்னான்.

பிள்ளை அன்றிரவு அந்த இணையக் கடையின் பக்கத்தில், வாங்கியவர் கருத்து எழுதும் இடத்தில், இரண்டு வரி எழுதினான். எனக்குப் படித்துக் காட்டினான். ‘மளிகைக் கடைத் தராசில், பொட்டலம் இல்லாமல் நிறுத்த எடை: 715 கிராம், 690 கிராம். அளவு 50-559, கம்பி ஓரம்’ என்று இருந்தது. ‘ஈரச் சாலையில் எப்படி என்பதை மழை வந்தபின் எழுதுகிறேன்’ என்று கீழே சேர்த்திருந்தான்.